கீழே நிற்பவர்களுக்கும் மூளை உண்டு: விண்வெளிக் கதை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளிக் கதை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் விரும்பி எழுதும் கதைகளில் ஒரு வகை உண்டு. எங்கிருந்தோ ஒரு விண்கலம் வரும், பெயர் தெரியாத கிரகத்தில் இறங்கும், கதவு திறந்ததும் புகை கிளம்பும் (ஏன் எப்போதும் புகை என்பது எனக்கு இதுவரை புரியவில்லை), கீழே இடுப்பில் தோலும் கையில் ஈட்டியுமாக ஒரு கூட்டம் நிற்கும். கேப்டன் கையை உயர்த்துவார். அவ்வளவுதான், ஈட்டிகள் கீழே விழும், எல்லோரும் மண்டியிடுவார்கள். கிழட்டுப் பூசாரி ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்பார், அவர்தான் வில்லன். தலைவனுக்குக் கட்டாயம் ஒரு மகள் இருப்பாள், அவளுக்கு மட்டும் பயமே இருக்காது, இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் கேப்டனின் மொழி அவளுக்கு வந்துவிடும்.

பழைய கதையைத் திரும்ப எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். என் புகார் வேறு. இந்தக் கதைகளில் இருக்கிற அறிவு மொத்தமும் கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சின் எப்படி ஓடுகிறது, செயற்கை ஈர்ப்புவிசை எப்படி வருகிறது, உறக்க நிலையிலிருந்து ஆட்களை எப்படி எழுப்புகிறார்கள் என்று பக்கம் பக்கமாக உழைக்கிறீர்கள், அதைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் ஏணியிலிருந்து இறங்கியதும் அந்த உழைப்பு நின்றுவிடுகிறது. கீழே இருப்பவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள், யாரோடு அவர்களுக்குப் பகை, புதிதாக ஒன்றைப் பார்த்தால் அது என்னவென்று எப்படிச் சோதித்துப் பார்ப்பார்கள், ஒன்றும் கிடையாது. வாயைப் பிளப்பது ஒன்றுதான் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை.

இப்படி ஒரு சந்திப்பு நிஜமாகவே நடந்திருக்கிறது, அதுவும் கேமராவோடு. 1930இல் மைக்கேல் லீஹி என்ற ஆஸ்திரேலியர் தங்கம் தேடி நியூ கினி தீவின் உள்பகுதிக்குள் போனார். நடுவில் ஆள் இல்லாத மலைதான் இருக்கிறது என்று வெளியுலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். மலைக்கு மேல் ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத் தோட்டங்கள், ஊர்கள், ஏறக்குறைய பத்து லட்சம் மனிதர்கள். லீஹி படமும் எடுத்தார். பல வருடங்கள் கழித்து பாப் கானலி, ராபின் ஆண்டர்சன் என்ற இரண்டு ஆவணப்பட இயக்குநர்கள் அந்த மலைவாசிகளில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்போய், அன்று உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்கள். முதலில் செத்துப்போன எங்கள் ஆட்கள்தான் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்தோம் என்றார்கள். சரி, இதுவரை உங்கள் கதை மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. வந்தவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று ஒருவர் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார், அவர்கள் எழுந்து போனதும் கிட்டே போய்ச் சோதித்திருக்கிறார். தோல் வேறு நிறமாக இருந்தாலும் மலம் நம்முடையதைப் போலத்தான் நாறுகிறது என்று ஊருக்குள் செய்தி வந்துவிட்டது. ஆவி, தெய்வம் எல்லாம் அதோடு தள்ளாட ஆரம்பித்துவிட்டது.

ஒரு சந்தேகம், அதற்கு ஒரு சோதனை, அதிலிருந்து ஒரு முடிவு. இதைவிடச் சுத்தமான அறிவியலை உங்கள் கப்பலின் ஆய்வுக்கூடத்தில்கூட நான் பார்த்ததில்லை. (சுத்தம் என்ற சொல் இங்கே கொஞ்சம் இடிக்கிறது, விடுங்கள்.) இதே மலைப்பகுதியில் கூக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது, அங்கே குறைந்தது 7,000 வருடங்களுக்கு முன்பே விவசாயம் நடந்ததற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன, 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லீஹியின் மூதாதையர்கள் உழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இவர்கள் வாய்க்கால் வெட்டும் வழியில் கால்வைத்தாகிவிட்டது என்று சொன்னால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

அடுத்து கிரகணம். இதை எப்படியாவது விட்டுவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். மூலக்கதை எல்லோருக்கும் தெரியும். கொலம்பஸின் நான்காவது பயணத்தில் கப்பல்களைப் புழு அரித்துவிட்டது, ஜமைக்காவில் மாட்டிக்கொண்டார்கள், உள்ளூர் மக்கள் ஒரு கட்டத்துக்குமேல் சாப்பாடு கொடுக்க மறுத்துவிட்டார்கள், 1504 பிப்ரவரி 29 அன்று சந்திர கிரகணம் வரும் என்று கையில் இருந்த பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, கடவுள் கோபப்பட்டு நிலாவை மறைக்கப்போகிறார் என்று மிரட்டிச் சாப்பாடு வாங்கினார். இதை நமக்கு விரிவாகச் சொல்பவர் யார்? அந்தப் பயணத்தில் கூடவே இருந்த அவருடைய மகன். அந்த இரவில் ஜமைக்காவின் பூர்வகுடிகளான டைனோ மக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள், இந்தச் சம்பவத்தில் பசியோடு இருப்பவன் யார், கையில் சாப்பாடு வைத்திருப்பவன் யார்?

கிரகணத்தைக் கணக்கிடுவது கப்பலில் வருகிறவர்களின் தனிச்சொத்து என்பது இன்னொரு தவறு. மாயா மக்களின் டிரெஸ்டன் சுவடியில் கிரகண அட்டவணையே இருக்கிறது. லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக வந்து, 1769இல் அந்த நேரம் பார்த்து மேகம் மூடி ஏமாந்தவர், புதுச்சேரியில் தங்கியிருந்தபோது தமிழ்க் கணிதர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கற்றுக்கொண்டார். பேனா கிடையாது, தாள் கிடையாது, சோழிகளைத் தரையில் வரிசையாக வைத்து நகர்த்துகிறார்கள், சூத்திரம் எல்லாம் மனப்பாடம். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தச் சோழிக் கணக்கு 41 விநாடிதான் பிசகியது, அன்றைக்கு ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. அந்தக் கணிதர் முன்னால் உங்கள் கேப்டன் போய் நின்று, நிலாவை மறைத்துவிடுவேன் என்று உறுமினால் என்ன ஆகும்? எத்தனை மணிக்கு என்று சரியாகச் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருப்பார்.

தெய்வமாக நினைத்துவிட்டார்கள் என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ஹவாய் மக்கள் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கைத் தங்கள் லோனோ என்ற கடவுளாக எண்ணினார்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இலங்கையைச் சேர்ந்த மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1992இல் இதைக் கடுமையாக மறுத்தார், வெள்ளைக்காரனைப் பார்த்து உள்ளூர்க்காரன் கும்பிட்டான் என்பது ஐரோப்பியர்களே கட்டிக்கொண்ட புராணம் என்றார். அமெரிக்கரான மார்ஷல் சாலின்ஸ் இல்லவே இல்லை என்று திருப்பி அடித்தார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, ஆனால் 1779 பிப்ரவரி 14 அன்று அதே ஹவாய் மக்கள்தான் குக்கைக் கடற்கரையில் குத்திக் கொன்றார்கள், காணாமல்போன ஒரு படகுக்காக அவர்களுடைய மன்னரையே பணயமாகப் பிடிக்கப் போனார் என்பதற்காக. மெக்சிகோவிலும் இதே கதைதான். ஸ்பானியத் தளபதி கோர்டெஸைத் திரும்பி வந்த குவெட்சால்கோட்டில் கடவுள் என்று அஸ்டெக் பேரரசர் மோக்டெசுமா நம்பினார் என்ற கதை, எல்லாம் முடிந்து பல வருடங்கள் கழித்து எழுதப்பட்டவற்றில்தான் முழு உருவம் எடுக்கிறது. அப்போது நடந்ததோ பச்சை அரசியல். ட்லாக்ஸ்காலா மக்களுக்கு மெக்சிகாக்களோடு, அதாவது மோக்டெசுமாவின் மக்களோடு, பல தலைமுறைப் பகை. புதிதாக வந்த இந்த ஆட்களோடு முதலில் மோதிப் பார்த்தார்கள், ஜெயிக்க முடியவில்லை, சரி, இவர்களை நம் பக்கம் இழுத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். சில நூறு ஸ்பானியர்கள் ஒரு சாம்ராஜ்யத்தைச் சாய்த்தார்கள் என்று நாம் படிக்கிற போரில், கூட நின்று சண்டை போட்ட உள்ளூர்ப் படைகள் பல்லாயிரம் பேர்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். உங்கள் கிரகத்தில் ஏன் ஒரே ஒரு இனம், ஒரே ஒரு தலைவன், ஒரே ஒரு மொழி? கப்பல் எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறதோ அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை மிரட்ட அதைப் பயன்படுத்திக்கொள்ளமாட்டார்களா? வானத்திலிருந்து வந்தவன் எங்களோடு இருக்கிறான், கப்பத்தைக் குறைத்துக்கொள் என்று ஒரு கிழவி போய் பேரம் பேசுகிறாள், கேப்டனுக்கு அது தெரியவே தெரியாது, அவர் தன்னைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்று டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தக் கதையை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

நோய் பற்றி ஒரு வார்த்தை. கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, காற்று சுத்தமாக இருக்கிறது என்று சொல்கிற காட்சி எல்லாக் கதையிலும் வருகிறது. தன் மூச்சு அவர்களுக்கு என்ன செய்யும் என்று ஒருவர்கூட யோசிப்பதில்லை. 1520இல் மெக்சிகோவில் பெரியம்மை பரவியபோது மோக்டெசுமாவுக்கு அடுத்து வந்த அரசரே அதில் செத்தார். உயிர் இருக்கிற அறிகுறியே இல்லாத நிலவுக்குப் போய் வந்த அப்பல்லோ 11 ஆட்களையே 1969இல் 21 நாள் அடைத்து வைத்தார்கள், 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவே மற்ற வான்பொருள்களை மாசுபடுத்தக்கூடாது என்று சொல்கிறது. உங்கள் ஆட்களோ இறங்கிய பத்தாவது நிமிடம் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். வேறு கிரகம், வேறு உயிரியல், நம் கிருமி அங்கே ஒட்டாது என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாதம்தான். ஆனால் உயிரியல் அவ்வளவு வேறு என்றால் அவர்கள் சாப்பாடும் உங்கள் உடம்பில் ஒட்டாது. பூமியில் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் ஏறக்குறைய எல்லாமே இடக்கை வடிவம், அங்கே அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவமாக இருந்துவிட்டால் வயிறு நிறையும், சத்து ஏறாது. மூன்றாம் அத்தியாயத்து விருந்தில் கேப்டன் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறாரே, அதை என்ன செய்யலாம்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பர்க், வில்ஸ் இருவரும்தான். விண்வெளிக் கதை எழுதுகிற ஒவ்வொருவரும் இவர்கள் கதையை ஒருமுறையாவது படிக்கவேண்டும் என்பேன், ஏனென்றால் இது அப்படியே உங்கள் கதை, தலைகீழாக. 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து ஒரு பயணக்குழு கிளம்பியது, ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து பார்ப்பது திட்டம். அந்தக் காலத்துக்கு அதுதான் விண்கலம். ஏறக்குறைய 20 டன் சாமான், ஒட்டகங்கள், வண்டிகள், ராக்கெட் வாணங்கள், கொடிகள், ஒரு சீன வெண்கல மணித்தட்டு, இதெல்லாம் போதாதென்று ஓக் மரத்தில் செய்த ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும். தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க் ஒரு போலீஸ் அதிகாரி, வில்லியம் வில்ஸ் நில அளவையாளர், நட்சத்திரம் பார்த்து இடம் குறிப்பவர். நான்கு பேர் வடக்குக் கடற்கரைக்கு மிக அருகில் வரை போய்விட்டார்கள், அது சாதனைதான். ஒருவர் வழியில் செத்தார். மீதி மூவர் 1861 ஏப்ரல் 21 மாலை கூப்பர் ஓடைக் கரையில் இருந்த தங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அந்த ஓடைக்கரை பாலைவனத்து நடுவே இருந்தாலும் வெறும் இடமில்லை. யான்ட்ருவான்டா மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இந்த மூவருக்கும் மீன் கொடுத்தார்கள், நார்டூ மாவில் செய்த ரொட்டி கொடுத்தார்கள். நார்டூ என்பது சதுப்பில் வளரும் ஒரு பெரணிச் செடி, அதன் வித்துறைகளை அரைத்துத்தான் மாவு. பர்க்குக்கு அவர்களை நம்பப் பிடிக்கவில்லை, பக்கத்தில் சேர்க்கக்கூடாது என்று நினைத்தார், ஒரு கட்டத்தில் துப்பாக்கியால் சுட்டு மிரட்டினார். அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சரி, செடி எதுவென்று தெரிந்துவிட்டதே, நாமே அரைத்துச் சாப்பிடலாம் என்று இவர்கள் ஆரம்பித்தார்கள். தினமும் சேகரித்தார்கள், அரைத்தார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், நாளுக்கு நாள் இளைத்தார்கள். யான்ட்ருவான்டா பெண்கள் அதை வறுத்து, நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, கூழாகக் கரைத்து, மட்டிச் சிப்பியால் அள்ளிச் சாப்பிடுவார்கள். இவர்கள் வெறுமனே அரைத்துத் தின்றார்கள். நார்டூவில் உடம்பின் தயாமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி ஒன்று இருக்கிறது, பக்குவம் தெரியாமல் சாப்பிட்டதால் பெரிபெரி மாதிரியான நோய் வந்திருக்கும் என்பது இன்றைக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வில்ஸ் கடைசிவரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். நார்டூ தின்றுகொண்டே பட்டினியால் சாவது அவ்வளவு துன்பமாக இல்லை, பலவீனமும் அசைய முடியாமையும்தான் தொல்லை என்று எழுதியிருக்கிறார், பசியைப் பொறுத்தவரை அது முழுத் திருப்தி தருகிறது என்றும் சேர்த்து. பர்க்கும் வில்ஸும் செத்தார்கள். மூன்றாவது ஆளான ஜான் கிங் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தார், அவர்கள் குடிசை கொடுத்து, சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டார்கள், அந்த வருடம் செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

அறிவு எங்கே இருந்தது, சொல்லுங்கள். வில்ஸின் கருவிகளிலும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓடைக்கரையில் உயிர் காக்கிற அறிவு ஒரு சிப்பியின் விளிம்பில் இருந்தது, அதைச் சிப்பி என்று மட்டும் பார்த்தவர்கள் செத்தார்கள். உங்கள் கப்பல் ஆட்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஒரு நாகரிகம் முன்னேற முன்னேற அதில் இருக்கிற தனி மனிதனுக்குத் தெரிந்தது குறுகிக்கொண்டே போகிறது. உங்கள் கப்பலில் நூறு பேர் இருக்கலாம், அதில் ஒருவருக்காவது மண்ணிலிருந்து ஒரு ஆணி செய்யத் தெரியுமா? எஞ்சின் கோளாறு என்றால் உதிரி பாகத்தை மாற்றுவார்கள், பாகம் தீர்ந்துவிட்டால்? கீழே நிற்கிறவனுக்குத் தன் கையில் இருக்கிற ஈட்டியை அடியிலிருந்து நுனிவரை தானே செய்யத் தெரியும், எந்தக் கல் உடையும், எந்தப் பிசின் பிடிக்கும், எந்த மரம் வளையும் என்று. இதை நீங்கள் கதைக்குள் கொண்டுவந்தாலே போதும், மண்டியிடுகிற காட்சி தானாகக் கழன்று விழுந்துவிடும்.

வழி கண்டுபிடிப்பதற்கு வருவோம், இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பசிபிக்கின் கரோலின் தீவுகளில் கடலோடிகள் எடாக் என்ற ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். அதில் படகு நகர்வதில்லை. படகு அசையாமல் நிற்கிறது, கடலும் தீவுகளும்தான் அதைக் கடந்து பின்னால் போகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பக்கவாட்டில் ஒரு தீவை மனதில் நிறுத்திக்கொள்வார்கள், பயணம் போகப் போக அந்தத் தீவு எந்தெந்த நட்சத்திரம் உதிக்கும் இடத்துக்குக் கீழே நகர்கிறது என்று பார்த்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்வார்கள். மேகம் மூடிவிட்டால் அலையின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து திசை பிடிப்பார்கள். சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் 1976இல் ஹொகுலேயா என்ற இரட்டைப் படகில் ஹவாயிலிருந்து தஹிட்டிக்கு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல், ஒரு கருவியும் இல்லாமல் வழி நடத்திப் போனார். அந்தப் பாதையில் அவர் அதற்கு முன் போனதே இல்லை.

நான் நிற்கிறேன், உலகம் நகர்கிறது என்று தினமும் கணக்குப் போடுகிற ஒரு பெண்ணை உங்கள் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சார்பு இயக்கத்தை அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஒருவேளை உங்கள் வழிகாட்டிக் கணினி செத்துப்போன அன்றைக்கு கப்பலில் பதற்றப்படாத ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். ஆனால் அவளுக்கு அலையே இல்லாத இடம் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதையும் எழுதவேண்டும். அலை இல்லையென்றால் உடம்பு எதைக் கேட்கும்?

தலையிடாக் கொள்கை பற்றியும் சொல்லவேண்டும், அது இப்போது எல்லாக் கதையிலும் வந்துவிட்டது. பின்தங்கிய கிரகங்களின் வளர்ச்சியில் நாம் குறுக்கிடக்கூடாது என்று கேப்டன் உருக்கமாகச் சொல்வார், வாசகர் கண் கலங்கவேண்டும். ஏதோ அவர்கள் போடுகிற பிச்சை மாதிரி. அந்தமானில் வடக்கு சென்டினல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் போர்ட்மேன் அங்கே போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போனார், பெரியவர்கள் இருவரும் நோயில் செத்தார்கள், குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மக்கள் கரைக்கு வருகிறவர்களை அம்போடு சந்திப்பதில் என்ன மர்மம் இருக்கிறது? 1981இல் ஒரு சரக்குக் கப்பல் அங்கே தரைதட்டி நின்றுவிட்டது, அதிலிருந்து இரும்பு எடுத்து ஆயுதம் செய்துகொண்டார்கள். 1991இல் இந்திய மானுடவியலாளர்கள் தேங்காய் கொண்டுபோனபோது தண்ணீருக்குள் இறங்கி வந்து கையால் வாங்கிக்கொண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிலைமையைப் பார்க்கப் போன ஹெலிகாப்டர்மேல் அம்பு விட்டார்கள். இரும்பு வேண்டும், தேங்காய் வேண்டும், நீங்கள் வேண்டாம். இது தெளிவான வெளியுறவுக் கொள்கை. இன்று அந்தத் தீவை யாரும் நெருங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றால், அதில் பாதியை எழுதியது அவர்களுடைய வில். உங்கள் கதையில் ஒருமுறையாவது தலையிடாக் கொள்கையைக் கீழே இருப்பவர்கள் அமல்படுத்தட்டும்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று தெரியும், அந்தக் கதைகளும் வருகின்றன. காட்டின் குழந்தைகள், பொய் தெரியாதவர்கள், மரத்தோடு பேசுகிறவர்கள், அவர்களைப் பார்த்து விண்வெளிக்காரன் மனம் திருந்துவான். மன்னிக்கவும், இதுவும் அதே சோம்பேறித்தனம்தான். பொய் சொல்லாத, பேரம் பேசாத, மாமியாரோடு சண்டை போடாத மனிதக் கூட்டம் எங்கேயும் கிடையாது. அவர்களில் கஞ்சன் உண்டு, கோமாளி உண்டு, எதையும் நம்பாதவன் உண்டு, கப்பல் வந்த அன்றைக்கும் தன் வலையை அவிழ்ப்பதை நிறுத்தாத கிழவன் உண்டு. அந்த முறைக்கிற பூசாரியை வில்லனாக்காமல், ஊரிலேயே அதிகம் யோசிக்கிற ஆளாக ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

அப்புறம் பழங்கால விண்வெளிக்காரர்கள். பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்ற வகைக் கதைகளை எழுதுபவர்களோடு எனக்கு நீண்ட நாள் கோபம், சுருக்கமாகச் சொல்லி விட்டுவிடுகிறேன். 2013இல் எகிப்தின் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன, எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற ஓர் அதிகாரி, தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்கான கல். இன்று ஏற்றினோம், இன்று ராத்தங்கினோம், இன்று சேர்ந்தோம் என்று அலுவலகப் பதிவேடு. இந்த மனிதரின் உழைப்பைப் பிடுங்கி வானத்திலிருந்து வந்த எவனுக்கோ எழுதிக் கொடுப்பதற்குக் கற்பனை என்று பெயர் வைக்காதீர்கள்.

கதைதானே, இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். கதை என்பதால்தான் கேட்கிறேன். எஞ்சினில் ஒரு தப்பு இருந்தால் வாசகர்கள் கடிதம் போட்டுக் கிழிக்கிறார்கள், ஒளியின் வேகத்தை மீறினால் விளக்கம் கேட்கிறார்கள். மனிதர்களை மீறினால் மட்டும் யாரும் கேட்பதில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

அடுத்த கதைக்கு உட்காரும்போது கிரகத்தின் பக்கமிருந்து ஆரம்பியுங்கள். கப்பல் வருவதற்கு முந்தின நாள் அங்கே என்ன பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள், தண்ணீர்ச் சண்டையோ, ஓடிப்போன மருமகளோ, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். வந்தவர்களுக்கு அவர்களிடமிருந்து ஏதாவது ஒன்று கட்டாயம் தேவைப்படட்டும், கெஞ்சிக் கேட்கிற அளவுக்கு. கேப்டனின் மொழிபெயர்ப்புக் கருவியைப் பாதிக் கதைவரை பழுதாக்கி வையுங்கள். தலைவனின் மகளுக்கு வேறு வேலை கொடுங்கள். கதைப்போட்டிகளுக்கு நடுவராக இருப்பவர்களே, மண்டியிடுகிற காட்சி வந்தால் ஐந்து மதிப்பெண் குறையுங்கள், கிரகணம் வந்தால் பத்து.

இப்படிக்கு,
உங்கள் கதைகளை விடாமல் படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்